கடலூருக்காக ஜெபித்தவர்கள்

1

சில மாதங்களுக்கு முன்பு கடலூரில் நண்பர் ஒருவருடைய அப்பாவின் நினைவு ஆராதனைக்குப் போயிருந்தேன். ஜெபம் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நுழையும்போதே கையில் ஒரு ஜெபக்குறிப்புத் தாள் கொடுத்தார்கள். சபையில் நோயாய்க் கிடப்பவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வட இந்திய ஊழியங்கள் என்று போகிற பட்டியலில் கடைசிக்கு முந்தியது காங்கோ. அந்த நாட்டின் வறுமைக்காக, அங்கே நடக்கும் யுத்தம் ஓய்வதற்காக, இருளில் இருக்கும் ஜனங்களுக்காக, ஊழியக்காரர்களின் பாதுகாப்புக்காக ஜெபிக்க வேண்டும். மொத்தம் மூன்று வரி. எனக்கு முன்னால் இருந்த பாட்டிக்குக் காங்கோ என்ற பேர் வாயில் நுழையவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு 'அந்த சனங்களக் காப்பாத்தும் ஆண்டவரே' என்று திரும்பத் திரும்ப முணுமுணுத்தார்.

அந்த முணுமுணுப்பைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரவில்லை. பேர் தெரியாத ஊர்க்காரனுக்காக ஒரு கிழவி கண்ணீர் விடுவது சாதாரணமான காரியம் இல்லை. ஆனால் தாளில் இல்லாத ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே யார் யாரோடு, எதுக்காகச் சண்டை போடுகிறார்கள்? தாளில் இருக்கிற யுத்தம் வங்காள விரிகுடாவில் உருவாகிற புயல் மாதிரி, யாரும் மூட்டாமல் தானாக வருகிறது. வறுமையும் அப்படித்தான். இருளும் அப்படித்தான்.

இதைச் சொல்வதற்குக் கடலூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஏனென்றால் ஏறத்தாழ இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரித் தாள் இந்த ஊரைப் பற்றித்தான் எழுதப்பட்டது. ஜெர்மனியில் ஹாலே என்கிற நகரத்திலும் லண்டனிலும் யாரோ ஒரு பாட்டி, வாயில் நுழையாத 'கடலூர்' என்ற பேரைச் சொல்லிக் கண்ணை மூடியிருப்பாள். அப்படி ஜெபிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு இன்னொருவருக்காக ஜெபிக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2

தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரத்தில் விழுமோ அவ்வளவு நிலமும் அந்த விலையில் சேர்த்தி. அப்படிக் கைக்கு வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பேர். தன் வயல் இனி யாருடையது என்பதை ஒரு பீரங்கி தீர்மானித்த விஷயம் அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தெரிந்திருக்குமா?

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் போனபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு மாறியது. 1752 வரை இங்கேதான் இருந்தது. 1758 ஜூனில் லாலி என்கிற பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினான். 1760இல் ஆங்கிலேயர் ஊரைத் திரும்பப் பிடித்தார்கள். 1782இல் ஹைதர் அலியின் துணையோடு மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1783இல் ஆங்கிலப் படை வந்து முற்றுகையிட்டது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி கப்பலில் வந்து சேர்ந்த பிறகுதான் சண்டை நின்றது. 1785இல் ஊர் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. இருபத்தேழு வருஷத்தில் நாலு தடவை கைமாறிய ஊர்.

தெற்கே சிதம்பரத்தின் கதையும் வேறில்லை. நடராஜர் கோயிலின் உயர்ந்த மதில்கள் படைகளுக்குக் கோட்டையாகப் பயன்பட்டன. பிரெஞ்சுக்காரர் அங்கே தங்கினார்கள், பிறகு ஹைதரின் ஆட்கள் தங்கினார்கள். 1781 ஜூனில் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி கோயிலைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். சில நாள் கழித்து, ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டையில் ஹைதரை எதிர்த்து நின்று ஜெயித்தார். ஆங்கிலேய ராணுவப் பதிவுகளில் சிதம்பரம் ஒரு 'பகோடா'. அதாவது சாமி இருக்கிற கோட்டை. ஊரில் எது கல்லால் கட்டப்பட்டிருக்கிறதோ, எதுக்கு மதில் இருக்கிறதோ, அதெல்லாம் ராணுவத்துக்குத்தான். இந்த நிலத்தில்தான் மிஷன் தன் வேலையைச் செய்தது.

3

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கினார். டென்மார்க் ராஜாவின் செலவில் வந்த ஜெர்மானியர். அவருடைய கடிதங்களையும் அடுத்து வந்தவர்களின் கடிதங்களையும் ஹாலேயில் பிராங்கே என்பவர் 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார். இவை 'ஹாலே அறிக்கைகள்' எனப்படுகின்றன. படிக்கிறவர்கள் ஜெபித்தார்கள், காணிக்கை அனுப்பினார்கள். காணிக்கை வந்ததால் ஊழியம் நடந்தது, ஊழியம் நடந்ததால் கடிதம் எழுதப்பட்டது. இன்றைக்கு நம் கையில் கொடுக்கப்படும் ஜெபக்குறிப்புத் தாளின் மூதாதை இதுதான். இந்தச் சங்கிலியைப் புரிந்துகொள்ளாமல் கடிதத்தை வெறும் பிரதியாக வாசிக்க முடியாது.

இதில் எது அச்சேறும், எது ஏறாது என்பதைக் கடல் தாண்டி இருந்த பதிப்பாளர் முடிவு செய்தார். சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி அனுப்பினார். அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பிய ஆள் அஞ்ஞானத்தை ஐரோப்பாவில் பரப்புவதா என்று பிராங்கே அதை அச்சிடவில்லை. அது சென்னையில் புத்தகமாக வந்தது 1867இல். அதாவது நூற்றைம்பது வருஷம் கழித்து. அய்யனாரும் மாரியும் பிடாரியும் நிறைந்த ஒரு உலகம் மிஷனரியின் கண்ணில் பட்டது. ஜெபிக்கிறவர்களின் கண்ணுக்கு அது போகவில்லை. அவர்களுக்குப் போனது 'இருள்' மட்டும்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1712க்கும் 1714க்கும் நடுவில் தமிழர்களிடம் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கி, மொழிபெயர்த்து, குறிப்பும் எழுதி, தொண்ணூற்றொன்பது கடிதங்களைச் சீகன்பால்கும் அவரோடு இருந்த குருண்டலரும் அனுப்பினார்கள். அவை அச்சேறின. உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், ஆனால் உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், சுத்தமில்லை என்கிற மாதிரிப் பேச்சுகள் அவற்றில் இருக்கின்றன. ஜெபிக்கப்படுகிறவன் திருப்பிப் பேசிய இடம் அது. நம்முடைய காங்கோ வரிகளில் அப்படி ஒரு குரலுக்கு இடம் இருக்கிறதா?

கடிதங்களில் யுத்தமும் வருகிறது. எந்தக் கோட்டை எப்போது விழுந்தது என்பதெல்லாம் விவரமாக வருகிறது. எழுதுகிறவர் அந்த யுத்தத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மட்டும்தான் மங்கலாகிவிடுகிறது. லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. சங்கத்தின் ஆதரவில் 1737இல் கடலூரில் மிஷன் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் மிஷனரிகளைக் கம்பெனிக் கப்பல்கள் இலவசமாக ஏற்றிவந்தன. 1750 ஜூலையில் கடலூரில் கரையிறங்கிய சுவார்ட்ஸ் பிற்பாடு திருச்சியில் கம்பெனிப் படையின் குருவாகச் சம்பளம் வாங்கினார். கப்பல் கம்பெனியுடையது, பாதுகாப்பு கோட்டையுடையது. சண்டை போடுகிற இரண்டு பேரில் ஒருவன் நமக்குச் சோறு போடுகிறவன் என்றால், யுத்தத்தைப் 'பாடு', 'சோதனை' என்று எழுதுவதுதான் வசதி.

கோட்டையை எதிர்த்தால் என்ன ஆகும் என்பது சீகன்பால்குக்கே ஆரம்பத்தில் தெரிந்துவிட்டது. ஒரு ஏழை விதவையின் வழக்கில் அவள் பக்கம் பேசப்போய், தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி அவரை 1708 கடைசியில் சிறையில் போட்டான். நாலு மாசம். அவரைப் பிடித்தது 'அஞ்ஞானிகள்' இல்லை, ஞானஸ்நானம் வாங்கிய தளபதி.

4

கடலூருக்கு 1740இல் வந்தவர் கீர்னாண்டர், சுவீடன்காரர். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பகை முற்றியபோது, கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரனுக்கு உளவு சொல்கிறவர்கள் என்று ஆங்கிலேயர் சந்தேகப்பட்டார்கள். 1749இல் கடலூரிலிருந்த கத்தோலிக்கக் கோயிலை எடுத்துக் கீர்னாண்டரிடம் கொடுத்தார்கள். சென்னையில் வேப்பேரியிலும் அதே வருஷம் இதேதான் நடந்தது. மிஷனுக்கு இது ஜெபத்துக்குக் கிடைத்த பதில். ஆனால் முந்தின ஞாயிறுவரை அதே தரையில் முழங்கால் போட்ட கத்தோலிக்கத் தமிழனுக்கு? அவனும் ஜெபித்திருப்பான் அல்லவா?

கோட்டை கொடுத்ததைக் கோட்டையே எடுத்துக்கொண்டது. 1758இல் லாலி வந்ததும் கீர்னாண்டர் தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து கல்கத்தாவுக்கே போய்விட்டார். அவருக்குப் போக ஒரு இடம் இருந்தது. சபை ஜனங்களுக்கு இல்லை.

அடுத்த தடவை, 1782இல், கடலூரில் இருந்தவர் கெரிக்கே. இவர் ஓடவில்லை. ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், ஹைதரின் குதிரைப்படையை ஊருக்குள் விடாதீர்கள் என்று பிரெஞ்சு அதிகாரிகளிடம் மன்றாடிச் சாதித்தார். கொள்ளை தவிர்ந்தது. ஆனால் அவருடைய கோயிலை அதே பிரெஞ்சுக்காரர் வெடிமருந்துக் கிடங்காக ஆக்கினார்கள். சிதம்பரத்தில் நடராஜர் கோயில் கோட்டை, கடலூரில் கிறிஸ்து கோயில் மருந்துக்கிடங்கு. இரண்டு சாமிக்கும் ஒரே கதி. மத மோதலாக மட்டுமே மிஷன் வரலாற்றை வாசிக்கிற நம் பழக்கத்துக்கு இந்தக் காட்சி ஒரு கேள்வியாக நிற்கிறது.

5

'அரிசிக் கிறிஸ்தவர்', 'பால்பவுடருக்கு வேதத்துல சேந்தவன்' என்கிற ஏச்சை நம் ஊரில் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். வயிறு நிறைந்தவன் கண்டுபிடித்த வசவு அது. பசிக்கிறவன் அரிசியைப் பார்த்து வருவது அவனுடைய குற்றமா? அரிசியை யார் இல்லாமல் ஆக்கினார்கள் என்று கேட்க வேண்டாமா? 1781 தொடங்கித் தஞ்சைச் சீமையில் ஹைதரின் படையெடுப்பால் பயிர் அழிந்து பஞ்சம். ஜனங்கள் தெருவில் விழுந்து செத்தார்கள். கோட்டைக்குள் தானியம் கொண்டுவர மாடு வேண்டும். ராஜாவும் கம்பெனியும் கேட்டபோது குடியானவர்கள் மாடு தரவில்லை. ஏமாற்றப்பட்டு ஏமாற்றப்பட்டு அலுத்துப்போனவர்கள். சுவார்ட்ஸ் தன் பேரில் ஜாமீன் கொடுத்ததும் மாடுகள் வந்தன, தானியம் வந்தது, கூலியையும் அவர் சரியாகக் கொடுத்தார்.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஒரு மிஷனரியின் நாணயத்தில் பட்டினிச்சாவு குறைந்தது. அந்த நாணயம்தான் கம்பெனியின் காவல் படைக்கும் சோறு போட்டது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற காரியத்தை விசுவாசிகளும் செய்கிறார்கள், 'மிஷன் என்றால் ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி' என்று ஒரே வரியில் முடிக்கிற நம் தோழர்களும் செய்கிறார்கள். மாடு ஓட்டி வந்த குடியானவன் இந்த இரண்டு கதையாடலிலும் இல்லை. யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று அவன் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது.

மிஷனுக்குள் ஜாதி எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். புராட்டஸ்டண்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன், கடலூர்க்காரர், வேளாளர். 1718இல் சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்று, 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் பட்டம் பெற்றார். அதே காலத்தில் தஞ்சைப் படையில் சேர்வைக்காரராக இருந்து வந்த ராஜநாயக்கன் என்ற பறையர், அடியும் உதையும் வாங்கி உபதேசியாராக உழைத்தவர். தஞ்சைச் சீமையில் சபை வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது குருப்பட்டம் 1741இல் கொடுக்கப்பட்டபோது அவருக்குக் கிடைக்கவில்லை, தியோகு என்பவருக்குப் போனது. பறையர் கையால் மற்ற ஜாதியார் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். 1771இல் சாகிறவரை அவர் உபதேசியார்தான். 'இருள்' எங்கே இருந்தது என்று ராஜநாயக்கனைக் கேட்டிருந்தால் ஹாலேக்கு வேறு கடிதம் போயிருக்கும்.

6

ஜெபிக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய பதில்களில் மூன்று இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுக நாவலர், மிஷனிடம் கற்ற பிரசங்கத்தையும் அச்சையும் பள்ளிக்கூடத்தையும் எடுத்துவந்து 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனின் கருவியால் மிஷனுக்குப் பதில். ஆனால் அந்தப் பதிலில் ராஜநாயக்கனுக்கு இடமில்லை.

வடலூரில் 1867இல் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். வருகிறவனை ஜாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, இலையில் உட்காருவதற்கு முன்னால் ஜெபிக்கச் சொல்லவும் இல்லை. அரிசிக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் இருந்த முடிச்சை அவிழ்த்தது அந்த அடுப்பு. இன்றைக்கும் எரிகிறது.

மூன்றாவது சுவாமி சகஜானந்தா. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தவர். மதம் மாற மறுத்தார். கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பத்தோடு போய், பிறகு துறவியாகிச் சிதம்பரம் வந்து, 1916இல் நந்தனார் பெயரில் தலித் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கோயிலுக்குள் விடப்படாதவனின் பெயரில், கோயில் இருக்கிற ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடம். மிஷன் கொடுத்த எழுத்தை வாங்கிக்கொண்டு, மிஷன் கேட்ட விலையைக் கொடுக்காமல், தன் வழியில் போனவர். கொடுத்தவன் நினைத்தது ஒன்று, வாங்கினவன் அதை வைத்துச் செய்தது வேறு.

7

இப்போது தாளில் இருந்த காங்கோவுக்கு வருவோம். 1885 முதல் 1908 வரை அந்த நாடு பெல்ஜிய ராஜா லியோபோல்டின் சொந்தச் சொத்து. ரப்பர் கொண்டுவராத ஊர்களைப் படை எரித்தது. சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட வெட்டின கைகளைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த மிஷனரிகளில் பலர் நீண்ட காலம் வாய் திறக்கவில்லை. மிஷன் நிலையத்துக்கு நிலம் வேண்டும், அனுமதி ராஜாவிடம் இருந்தது. கடலூர்க் கதைதான்.

எல்லோரும் அப்படி இல்லை. வில்லியம் ஷெப்பர்ட் என்ற கறுப்பு அமெரிக்க மிஷனரி 1899இல் படைமுகாமுக்குள் போய், நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்த வலது கைகளை எண்ணினார். எண்பத்தொன்று. எழுதினார். பின்னர் ரப்பர் கம்பெனியைப் பற்றி எழுதியதற்காக அவதூறு வழக்கைச் சந்தித்து 1909இல் விடுதலையானார். ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் 1904இல், வெட்டுண்ட தன் மகளின் கையையும் காலையும் முன்னால் வைத்து உட்கார்ந்திருக்கிற தகப்பனைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் இங்கிலாந்தின் கூட்டங்களில் திரையில் காட்டப்பட்டன. ஜெபிக்கக் கூடினவர்கள் யார் செய்தது என்ற கேள்வியோடு வெளியே போனார்கள். ஜெபக்கடிதம் சாட்சியாக மாறிய தருணம் அது. குற்றவாளியின் பேர் அதில் இருந்தது.

இன்றைய காங்கோவின் கிழக்குப் பகுதியில் சண்டை நிற்கவில்லை. 2025 ஜனவரியில் கோமா நகரம் ருவாண்டாவின் ஆதரவு பெற்ற எம்23 படையிடம் விழுந்தது, அடுத்த மாதம் புக்காவு. அங்கே மண்ணுக்கடியில் கோல்டான் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கிற டாண்டலம் நம் சட்டைப்பையில் இருக்கிற செல்போன்களுக்குள் போகிறது. புக்காவுவில் 1999இல் பான்சி மருத்துவமனையைத் தொடங்கியவர் டெனி முக்வேகே, பெந்தெகொஸ்தே பாஸ்டரின் மகன். பலாத்காரத்தில் சிதைக்கப்பட்ட பல்லாயிரம் பெண்களுக்கு அங்கே சிகிச்சை நடந்திருக்கிறது. 2018இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டபோது, அந்த மேடையிலேயே செல்போனையும் கனிமத்தையும் பற்றிப் பேசினார். தான் டாக்டரானதற்கு அவர் சொல்கிற கதை இது: சின்ன வயதில் அப்பாவோடு ஒரு நோயாளிக் குழந்தையைப் பார்க்கப் போனார். அப்பா ஜெபித்துவிட்டுக் கிளம்பினார். எனக்கு நோய் வந்தால் மருந்தும் கொடுப்பீங்களே, இந்தக் குழந்தைக்கு ஏன் கொடுக்கலை என்று பையன் கேட்டான். நான் டாக்டர் இல்லையே என்றார் அப்பா. ஜெபத்தை விட்டுவிடு என்று பையன் சொல்லவில்லை. அதில் எது குறைகிறது என்றுதான் கேட்டான்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு தேவனாம்பட்டினத்துக்கு எத்தனை காமிராக்கள் வந்தன என்பது கடலூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் செத்திருந்தார்கள். நிவாரணப் பையைக் கையில் பிடித்துப் போட்டோவுக்கு நின்றவர்களுக்கு, அடுத்தவன் தாளில் மூன்று வரியாக இருப்பது எப்படி என்று தெரியும். அந்த ஊர் ஆட்கள் காங்கோவுக்காக ஜெபிக்கும்போது ஹாலேக்காரர்கள் ஜெபித்த மாதிரியே ஜெபிக்கத் தேவையில்லை.

ஆராதனை முடிந்ததும் அந்தப் பாட்டியிடம் பேச்சுக்கொடுத்தேன். காங்கோவில் எதுக்குச் சண்டை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், செல்போன் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். 'இத ஏன் தாள்ல போடல?' என்றார். அவர் கேட்டது சபையாரை நோக்கி மட்டும் இல்லை. பத்திரிகை நடத்துகிற நம்மையும் நோக்கித்தான்.